மின்வலையும் ஒற்றாடலும்

அரசியல் கூறப் புகுந்த திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓரதிகாரம் வகுத்தார். நாட்டில் நடப்பதை உடனுக்குடன் அறியாத வேந்தன் நாட்டைக் காக்கமாட்டான் என்பது அவர் கருத்து. கணினி வலையைக் காப்பார்க்கும் அக்கருத்துப் பெரிதும் பொருந்துவதாம். அஃது எங்ஙனம் என்பதை நம் நீலகிரியை முன்வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் ஸ்விட்ச் என்பது யாது? பல கணினிகளின் கம்பிகள் வந்து கூடும் சிறு பெட்டியே அது. ஒரு கணினி விடுக்குஞ் செய்தியை, அஃது எதற்குரியதோ அதன் துளை வழியே செலுத்துவது அதன் தொழில். அத்துளையைப் போர்ட் என்பர். குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தை மனத்தில் எண்ணுக. மேட்டில் அலுவலகம், பள்ளத்தில் தொழிற்சாலை, அப்பால் தொழிலாளர் மருத்துவமனை. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்விட்ச். இடையே மரங்களினூடு செல்லும் கண்ணாடி இழைக் கம்பி. ஒரு மரம் சாயின் மருத்துவமனை தனித்து நிற்கும். குன்னூர்த் தேயிலை ஏலமும் இப்பொழுது மின்வழியே நிகழ்கின்றது. ஏலநாளில் வணிகர் ஒருவரது ஸ்விட்ச் ஓய்ந்தால் அவர் கேட்க எண்ணிய விலை கேட்கப்படாமலே போம்.

இவற்றைக் கண்காணித்தற்கு 1988-இல் வகுக்கப்பெற்ற எஸ்.என்.எம்.பி. என்னும் முறை இன்றும் பயன்படுகின்றது. அதன்கண் இருவழி உண்டு. காவற்கணினி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்விட்சையும் வினவி விடை பெறுதல் ஒன்று. இவ்வினா 161 என்னும் எண்ணுடைய வாயிலிற் செல்லும். கேளாமலே ஸ்விட்ச் தானாக நிகழ்ச்சியை அறிவித்தல் மற்றொன்று. இதனை டிராப் என்பர். இது 162-ஆம் வாயிலை அடையும். இணைப்பு அறுந்தது, மீண்டது, மின்சாரம் போய் வந்தது என்பன போல்வன இதன் செய்திகள். வினவுதல் தாழ்த்து அறிவிக்கும்; டிராப் அக்கணமே அறிவிக்கும்.

அங்ஙனமாயின் டிராப் ஒன்றே போதாதோ எனின், போதாது. அஃது ஒப்புகை பெறாத அஞ்சல் போன்றது. வழியில் தொலையினும் விடுத்த ஸ்விட்ச் அறியாது. 1993-இல் இன்பார்ம் என்னும் ஒப்புகை முறை வந்தது. விடை வாராவிடின் ஸ்விட்ச் மீண்டும் விடுக்கும். எனினும், செய்தி செல்லவேண்டிய கம்பியே அறுந்துவிட்டால் எத்துணை முறை விடுத்தும் யாது பயன்? மின்சாரம் இழந்த ஸ்விட்ச் தன் வீழ்ச்சியைக் கூறுதல் எவ்வாறு?

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. மலைச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலையும் மலை இரயில்பாதையும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய இரவில், செய்தி வாராத ஊரே பெருந்துயருற்ற ஊராக இருத்தல் கூடும். ஆகவே, காவலன் மௌனத்தை நலம் என்று கொள்ளற்க. வினாவிற்கு விடை வாராமையும் ஒரு செய்தியே. மேலும், ஸ்விட்சுக்கு மின்கலமும், எச்சரிக்கைக்குக் கைபேசி போன்ற வேறொரு வழியும் அமைத்தல் இன்றியமையாதது.

மிகையும் குற்றமே. அலுவலகத்து ஸ்விட்ச் வீழின் அதன் பின்னுள்ள யாவும் வீழ்ந்தனவாகவே தோன்றும். பிழை ஒன்று, கூக்குரல் பத்து. நள்ளிரவில் வீணே பலகால் எழுப்பப்பட்டவன் மெய்யான எச்சரிக்கை வரும்போது உறங்கிவிடுவான். இதுபற்றியே சிஸ்லாக் என்னும் குறிப்பு முறையில் நிகழ்ச்சிகளை 0 முதல் 7 வரை எட்டுத் தரமாகப் பகுத்தனர்; 0 பேரிடர், 7 பழுது ஆய்வார்க்கான நுண்குறிப்பு. உறக்கத்தைக் கலைக்கத் தக்கது எது, காலையிற் கண்டால் அமைவது எது என முன்னரே வரையறுத்தல் வேண்டும்.

ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல் ஒத்தவிடத்தே உண்மையைத் தெளியச் சொன்னார் வள்ளுவர். டிராப் ஓர் ஒற்றன். வினாவின் விடை மற்றொருவன். அடுத்த ஸ்விட்சின் சொல் மூன்றாமவன். மூவரையும் வைத்துக் காப்பவனே மழைக்காலத்து மலையில் நற்காவலன் ஆவான்.