மண் போன பிறகு மிஞ்சும் காகிதம்

ஓர் ஊரின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் முதலில் அந்த ஊருக்குத்தான் போவார். கோயில், குளம், நடுகல், பழைய வீட்டுத் திண்ணை என்று மண்ணே அவருக்குச் சாட்சி சொல்லும். சுரங்க வட்டாரத்தில் இந்த வழி பாதியில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அங்கே வெட்டி எடுக்கப்பட்டது அந்த மண்தான். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வயலில் 1774-இல் சம்னர், ஹீட்லி என்ற இரு ஆங்கிலேயர்கள் கரி வெட்டத் தொடங்கினார்கள். இந்த இரண்டரை நூற்றாண்டில் திறந்தவெளிச் சுரங்கம் விழுங்கிய ஊர்களும், அடியில் கரி போனதால் தரை உள்வாங்கிய ஊர்களும் அங்கே உண்டு. அதனால் அந்த வட்டாரத்தில் ஆவணத்தைக் கள ஆய்வுக்குத் துணை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல இடங்களில் மிஞ்சியிருக்கும் களமே அதுதான். கல்கத்தாவின் ஜாதவ்பூரில் உட்கார்ந்துகொண்டு சுமார் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் முதல் பதில்.

காகிதம் கல்கத்தாவில் குவிந்ததற்குக் காரணம் இருக்கிறது. கல்கத்தா வணிகர் துவாரகநாத் தாகூர் 1836-இல் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கினார். 1843-இல் பெங்கால் கோல் கம்பெனி உருவானது. 1855-இல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்சுக்கு ரயில் ஓடியது. முதலாளியும் அரசும் சந்தையும் கல்கத்தாவில் இருந்ததால், கரி வந்த திசையிலேயே கணக்கும் வந்து சேர்ந்தது. இன்று மாநில ஆவணக்காப்பகம், அலிப்பூர் தேசிய நூலகம், 1851-இல் தொடங்கிய புவியியல் ஆய்வுத்துறையின் நூலகம் எனப் பல இடங்களில் அது பிரிந்து கிடக்கிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பிரதிகள், பதிவுகள் பள்ளியையும், பழைய வங்க இதழ்களைத் திரட்டி வைத்திருக்கும் சமூக அறிவியல் ஆய்வு மையத்தின் ஹிதேஷ்ரஞ்சன் சன்யால் ஆவணகத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்தக் காகிதங்களில் பெரும்பகுதி கரிக்காக எழுதப்பட்டது, மனிதர்களுக்காக அல்ல. ஆகவே எழுதியவர் சொல்ல நினைத்ததைவிட, போகிற போக்கில் பதிந்துவிட்டதைத் தேடுவதே பலன் தரும். புவியியல் வரைபடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1850-களின் இறுதியில் இந்த வயலை அளந்தார். இன்னொரு புவியியலாளரான கீயின் விரிவான அறிக்கை 1932-இல் வந்தது. கரிப்படுகை எங்கே வெளியே தெரிகிறது என்று குறிக்க வந்தவர்களுக்கு அடையாளம் தேவைப்பட்டது. அதற்காக ஓடையையும் ஊர்ப்பெயரையும் எழுதினார்கள். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். இரண்டையும் அருகருகே வைத்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் விரித்தால், எந்த ஊர் எப்போது வரை இருந்தது என்பதற்கு ஒரு கால எல்லையாவது கிடைக்கும்.

காலனி அரசின் காகிதத்தை எப்படி நம்புவது என்பது நேர்மையான கேள்வி. என் அனுபவத்தில், அந்தக் காகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிட்டால் அதைப் பயன்படுத்த முடியும். சுரங்கத் தலைமை ஆய்வாளரின் ஆண்டறிக்கைகள் விபத்துகளுக்குப் பொறுப்பைப் பிரித்துக் காட்டும்போது, ‘இறந்தவரின் தவறு’ என்றே ஒரு வகை வைத்திருந்தன. அந்தத் தலைப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கூரை விழுந்ததா, சுவர் சரிந்ததா, வண்டி மோதியதா என்று தனியே சொல்லும் வரியைப் படியுங்கள். அதே அறிக்கைகள் நிலத்தடியில் வேலை செய்த பெண்களையும் எண்ணிக்கையாகத் தருகின்றன. காமின் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்கள், மால்காட்டா எனப்படும் கரிவெட்டி வெட்டிய கரியைச் சுமந்தவர்கள்; பலர் கணவரோடு சேர்ந்தே இறங்கினார்கள். 1929-இல் அவர்களைப் படிப்படியாக வெளியேற்ற விதி வந்தது. 1943-இல் போருக்குக் கரி வேண்டும் என்று தடை நீக்கப்பட்டது, 1946-இல் திரும்பவும் போடப்பட்டது. பாதுகாப்புக்காக வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சட்டம் உற்பத்தி குறைந்ததும் தளர்ந்ததை, அரசின் எண்களே காட்டிக்கொடுக்கின்றன. இதைச் சொல்ல வேறு சாட்சி தேவையில்லை.

அப்படியானால் வாய்மொழி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். சுரங்கக் கிணற்றுக்குள் இருந்த பயத்தை எந்த ஆய்வாளரும் எழுதவில்லை. ஆனால் நினைவு பெரிய விபத்தைப் பற்றிக்கொண்டு, அவ்வப்போது ஒவ்வொருவராகச் செத்ததை விட்டுவிடுகிறது. 1958 பிப்ரவரி 19 அன்று சினாகுரி சுரங்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒற்றைச் சாவுகள் அட்டவணையில்தான் இருக்கின்றன. அதனால் முதலில் காகிதத்தைப் படித்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் கையில் இருக்கும் நிலையில் முதியவர்களிடம் போவதே சரி என்பது என் துணிபு. இலக்கியத்தையும் ஒதுக்க வேண்டாம். 1920-களில் சைலஜானந்த முகோபாத்யாய் எழுதிய சுரங்கக் கதைகளும், 1959-இல் உத்பல் தத் மேடையேற்றிய ‘அங்கார்’ நாடகமும் அறிக்கைகளில் வராத பேச்சு வழக்குக்கு வழிகாட்டும்.

தேடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே ஊர் பல உருவங்களில் வரும். வங்க எழுத்தில் பெயரை முதலில் உறுதி செய்துகொண்டு, எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராணிகஞ்ச் இன்று இருக்கும் பச்சிம் பர்தமான் மாவட்டம் 2017-இல்தான் பிறந்தது. பழைய கோப்புகளில் பர்த்வான் என்றே தேட வேண்டும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் மூதாதையர் உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த முறை உதவும். அங்கே நிலம் மைசூர் அரசினுடையது, சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம் லண்டனில் இருந்தது, ஆட்கள் வடஆர்க்காட்டிலிருந்து போனார்கள். ஆகவே தேட வேண்டிய இடமும் மூன்று.