கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

வண்ண மீன்கள் நீந்தும் தொட்டிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை நன்னீர்த் தொட்டிகளே. உப்புநீர் நிரப்பி, அதில் உயிருள்ள பவளங்களை வளர்ப்பவர்களும் உளர். அமெரிக்கா, ஜெர்மனி முதலிய நாடுகளில் பலருக்கு இது விருப்பமான பொழுதுபோக்கு. அத்தொட்டியைப் பேணுவோர் நாள்தோறும் ஓர் எண்ணை உற்றுநோக்குவர். அதுவே நீரின் பிஎச் மதிப்பு. மாலையில் 8.3 எனக் காட்டிய அளவி மறுநாள் விடியலில் 8.0 எனக் காட்டும். இரவில் எவரும் தொட்டியைத் தொடவில்லை. நீரில் எதையும் ஊற்றவுமில்லை. பின் ஏன் குறைந்தது?

பிஎச் என்னும் அளவை 1909ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன்சன் வகுத்தார். தூய நீரின் மதிப்பு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். காரம் என்றவுடன் உங்களுக்கு மிளகாய் நினைவிற்கு வரலாம். சமையலறையில் அச்சொல் உறைப்பைக் குறிக்கும். வேதியியலிலோ அமிலத்திற்கு எதிரான தன்மையைக் குறிக்கும். வழலைக்கட்டியைச் சவர்க்காரம் என்று முதியோர் சொல்லக் கேட்டிருந்தால், அங்கே இருப்பது இந்த இரண்டாவது காரமே.

இவ்வளவையில் ஒரு படி இறங்கினால் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும். ஆகவே 8.3 என்பது 8.0 ஆகும்போது குறைவது சிறிதளவே எனத் தோன்றினும், அயனிகள் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகின்றன. பவளத்திற்கு இது பெரிய செய்தி. பவளம் செடியன்று, கல்லுமன்று. அது ஓர் உயிரினம். நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு அது தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகிறது. ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்தால் அவை கார்பனேட்டுடன் சேர்ந்துகொள்ளும். அப்போது கூடு கட்டுவதற்குப் பவளம் மேலும் ஆற்றலைச் செலவிட நேரும்.

இனி, இரவில் நடப்பதைக் காண்போம். பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. பகலில் விளக்கொளியில் அவை ஒளிச்சேர்க்கை செய்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன, மதிப்பு ஏறுகிறது. விளக்கு அணைந்தபின் அப்பணி நின்றுவிடுகிறது. மீன், பவளம், பாசி, நுண்ணுயிர் அனைத்தும் சுவாசிப்பது மட்டும் தொடர்கிறது. அவை வெளிவிடும் கரியமில வாயு நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. எனவே மீண்டும் விளக்கு எரிவதற்குச் சற்று முன்புதான் மதிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். இயற்கையான பவளத்திட்டுகளிலும் இத்தகைய ஏற்ற இறக்கம் உண்டு. மதிப்பு 7.8 முதல் 8.5 வரை உள்ள எல்லைக்குள் நின்றால் அஞ்ச வேண்டுவதில்லை. காலையில் ஒருநாளும் மாலையில் மறுநாளும் அளந்துவிட்டு, ‘குறைந்துவிட்டதே’ என்று வருந்துவதில் பொருளில்லை. ஒரே நேரத்தில் அளத்தல் வேண்டும்.

சில தொட்டிகளில் பகலிலும் மதிப்பு ஏறுவதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. திறந்தவெளிக் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு கரியமில வாயு உண்டு. சாளரங்களை அடைத்துப் பலர் அமர்ந்திருக்கும் அறையிலோ அது 1,000 பங்கினையும் கடந்துவிடும். தில்லி, சண்டிகர் போன்ற நகரங்களில் குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டியே வைக்கிறோம். கோடையில் குளிரூட்டிக்காகப் பூட்டுகிறோம். நம் மூச்சுக் காற்றே தொட்டிநீரில் கரைகிறது.

இதனை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு குவளைத் தொட்டிநீரை வெளியே கொண்டுசென்று, ஒரு மணி நேரம் காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, முன்னும் பின்னும் அளக்க வேண்டும். மற்றொரு குவளை நீரை வீட்டினுள்ளே வைத்து அவ்வாறே செய்ய வேண்டும். வெளியில் மட்டும் மதிப்பு உயர்ந்தால், குறை வீட்டுக் காற்றில் உள்ளது. இரண்டிலும் உயர்ந்தால், தொட்டிநீர் போதிய அளவு காற்றுடன் கலக்கவில்லை. எதிலும் உயராவிடில் நீரின் காரத்தன்மையை அளந்து பார்க்க வேண்டும்.

இச்சோதனையைச் செய்யாமல் கடையில் விற்கும் காரப்பொடியை அள்ளிப் போடுவோர் பலர். மதிப்பு சற்று ஏறும். கரியமில வாயு மீண்டும் கரைந்து அதனை இறக்கும். மீண்டும் பொடி போடுவர். காரத்தன்மை அளவு கடந்து ஏற, ஒருநாள் நீர் பால்போல் வெளுக்கும். கரைந்திருந்த கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வீணாகும். சாளரத்தைத் திறந்திருந்தால் செலவே இல்லை! புகைமூட்டம் மிகுந்த நாளில் திறக்க இயலாதெனில், கரியமில வாயுவை ஈர்க்கும் சோடாச் சுண்ணாம்பு மணிகளின் வழியே காற்றைத் தொட்டிக்குச் செலுத்துவர். மருத்துவமனைகளில் மயக்கமருந்துக் கருவியில் பயன்படுவதும் இத்தகைய மணிகளே.

மற்றொரு வழி சுண்ணாம்புத் தெளிநீர். ஊதினால் பால்போல் மாறுமே, நீங்கள் ஆய்வகத்தில் கண்ட அதே நீர்தான். ஜெர்மானிய மொழியில் அதனைக் ‘கால்க்வாசர்’ என்பர். அதன் பொருளும் சுண்ணாம்பு நீர் என்பதே. அது கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும். பவளத்திற்குக் கால்சியத்தையும் தரும். ஆயினும் அதன் மதிப்பு 12ஐக் கடந்தது. ஆதலால் இரவில் துளித்துளியாகவே சேர்க்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியிலுள்ள உயிர்கள் மடியும்.

தொட்டியில் ஓர் இரவில் நிகழ்வது கடலில் மெல்ல நிகழ்ந்து வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடற்பரப்பின் மதிப்பு இன்று 8.1 அளவில் உள்ளது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளத்திட்டுகளும் அந்நீரிலேதான் வாழ்கின்றன. கற்கூடு கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. அவற்றைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது குற்றமாகும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கரையோரக் கடைகளில் எவரேனும் பவளக்கல்லை நீட்டினால், வாங்காதீர்கள்.

பயிற்சி

1. ‘காரம்’ என்னும் சொல்லை இருபொருள்பட இரு தொடர்களில் அமைத்து எழுதுக.
2. பிரித்து எழுதுக: நன்னீர், கடற்பரப்பு, விளக்கொளி.
3. ஒரு தொட்டியின் நீர் வெளியில் 8.2 எனவும், வீட்டினுள் குமிழி செலுத்திய பின்னும் 7.8 எனவும் காட்டுகிறது. அவ்வீட்டாருக்கு நீ கூறும் அறிவுரையை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உன் வீட்டில் நாளின் எந்தெந்த நேரங்களில் சாளரங்கள் மூடியிருக்கின்றன? ஒரு வாரம் கவனித்து, தமிழில் அட்டவணைப்படுத்துக.