படம் ஓடுது, சத்தம் எங்கே?

வீரபாண்டித் திருவிழாவில் பழைய செல்போனில் எடுத்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் போடுகிறோம். ராட்டினம் சுத்துது, தீச்சட்டி போகுது, மேளச் சத்தம் மட்டும் வரலை. உடனே "ஃபைல் கெட்டுப் போச்சு, அழிச்சிடு" என்பார்கள். அவசரப்படாதீங்க! பெரும்பாலும் சத்தம் உள்ளேதான் இருக்கும். அதை விரிக்கத் தெரிந்த கோடெக்தான் இருக்காது.

கோடெக் என்றால் என்ன?

ஒலியையும் படத்தையும் சுருக்கி, மறுபடி விரிக்கும் மென்பொருள். ஆடியோ சி.டி.யில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறார்கள். அதை அப்படியே வைத்தால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். எம்.பி.3 முறையில் சுருக்கினால் சுமார் 1 எம்.பி. போதும். ஆனால் எந்த முறையில் சுருக்கினார்களோ, அந்த முறை தெரிந்த கோடெக்தான் அதை விரிக்க முடியும்.

படம் மட்டும் வருவது ஏன்?

வீடியோ ஃபைல் நம்ம கம்பம் திராட்சைப் பெட்டி மாதிரி. மூடிய பெட்டியைப் பார்த்து, உள்ளே பன்னீர் திராட்சையா, விதையில்லாததா என்று சொல்ல முடியுமா? ஏவிஐ, எம்கேவி, எம்பி4 எல்லாம் பெட்டியின் பெயர்தான். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறு முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். படத்தின் கோடெக் இருந்து, ஒலியின் கோடெக் இல்லாவிட்டால் ஊமைப்படம்தான்! ஃபைல் பெயரை மட்டும் மாத்தினால் பலன் இல்லை.

பழைய செல்போன் வீடியோக்களில் ஒலி பெரும்பாலும் ஏ.எம்.ஆர். முறையில் இருக்கும். சினிமா ஃபைல்களில் ஏசி-3, டி.டி.எஸ். இருக்கும். ஏசி-3 கோடெக் விண்டோஸ் எக்ஸ்பியில் கிடையாது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இருந்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவினால், மறுபடியும் அது கூட வராது.

சரிசெய்யும் முறை

1. முதலில் வேறொரு பாட்டைப் போடுங்கள். அதுவும் கேட்காவிட்டால் கோளாறு ஸ்பீக்கரில் அல்லது வால்யூமில்.

2. வி.எல்.சி. பிளேயரில் அதே வீடியோவைத் திறங்கள். 1996-ல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் உருவான இலவச மென்பொருள் இது. தேவையான கோடெக்குகளைத் தன்னோடே கொண்டுவரும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

3. அப்போதும் சத்தம் இல்லையா? கண்ட்ரோல் + ஜே அழுத்துங்கள். ஆடியோ என்ற வரி இருந்தால் கோடெக் பெயர் தெரியும். அந்த வரியே இல்லையென்றால் ஒலி பதிவாகவே இல்லை. எந்தக் கோடெக் போட்டாலும் வராது.

4. வி.எல்.சி.யில் கேட்குது, டி.வி.யில் கேட்கலையா? மீடியா மெனுவில் கன்வெர்ட் / சேவ் கொடுத்து எம்பி4 ஆக மாற்றுங்கள். மூல ஃபைலை மட்டும் அழிக்காதீங்க.

எச்சரிக்கை!

"இந்த வீடியோவைப் பார்க்கக் கோடெக் தேவை, இங்கே அழுத்து" என்று இணையத்தில் பெட்டி வந்தால் தொடாதீர்கள். 2005-லிருந்து பரவிய ஸ்லோப் என்ற தீய மென்பொருள் இப்படித்தான் கோடெக் வேஷத்தில் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது. வி.எல்.சி.யை வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பயிற்சி: வீட்டில் உள்ள மூன்று வீடியோக்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் படக் கோடெக் எது, ஒலிக் கோடெக் எது என்று நோட்டில் எழுதி வாருங்கள். ஊமையாகக் கிடக்கும் ஒரு ஃபைலில் உங்க தாத்தா குரல்கூட இருக்கலாம்!