இரண்டு பேரேடுகளும் ஒரு தூதரும்

எண்ணூர் சாலையில் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வரிசையாய் நிற்கும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எதுவிருந்தாலும் பெட்டியின் வடிவம் ஒன்றே. கணினியிலும் இத்தகைய பெட்டிகள் உண்டு. 2013-இல் வெளிவந்த டாக்கர், ஒரு நிரலையும் அதற்குத் தேவையான கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடைத்துத் தருகிறது.

சிங்கப்பூரிலுள்ள அண்ணன், திருவொற்றியூரிலுள்ள அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறார். 2023 பிப்ரவரி 21-இல் சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யூபிஐயும் இணைக்கப்பட்டன. நோட்டுகள் கடல் கடப்பதில்லை. அங்கே ஒரு பேரேட்டில் கழிகிறது, இங்கே மற்றொன்றில் கூடுகிறது. கழிந்தபின் கூடாமல் போனால்?

இதை ஆராய, 2015-இல் வெளியான இன்டர்லெட்ஜர் கருத்தின்படி ஒரு மாதிரி அமைப்போம். மூன்று பெட்டிகள்: டாலர் பேரேடு, ரூபாய்ப் பேரேடு, இரண்டிலும் கணக்குள்ள தூதர். அம்மா ஒரு சாவி எண்ணை மறைத்து வைத்து, அதன் முத்திரையை மட்டும் வெளியிடுவார். முத்திரையைக் கொண்டு எண்ணைச் சரிபார்க்கலாம், கண்டுபிடிக்க இயலாது.

1. அண்ணனின் டாலர், தூதருக்காக 60 வினாடி நிறுத்தி வைக்கப்படும்.

2. தூதரின் ரூபாய், அம்மாவுக்காக 30 வினாடி நிறுத்தி வைக்கப்படும்.

3. அம்மா எண்ணைக் காட்டி ரூபாயைப் பெறுவார். அதே எண்ணைக் காட்டித் தூதர் டாலரைப் பெறுவார்.

முதற்படி முடிந்ததும் தூதர் பெட்டியை நிறுத்துங்கள். 60 வினாடியில் டாலர் அண்ணனிடமே திரும்பும். பணம் தொலையவில்லை!

இனி, கெடுக்களை மாற்றிப் போடுங்கள்: டாலருக்கு 30, ரூபாய்க்கு 60. அம்மா 50-ஆவது வினாடியில் எண்ணைக் காட்டினால் நட்டம் யாருக்கு? செய்து பாருங்கள்.