நெஞ்சு பாரமாய்க் கிடக்குது

இந்தப் பாடத்தை ஒரு தாயின் வார்த்தைகளோடு தொடங்குகிறேன். “நெஞ்சுக்குள்ளை பாரமாய்க் கிடக்குது பாதர். பெருமூச்சு விட்டால்தான் கொஞ்சம் இறங்குது. இரவிலை ஒரே யோசினை.”

கரவெட்டியில் குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்துச் சீவிப்பவர் அவர். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட குடும்பம். பிறகு வன்னி, 2009இல் செட்டிகுளம் முகாம், கடைசியாக உறவினரை நம்பி இங்கே. கணவர் 2009 மே மாதத்தில் காணாமற் போனவர். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அது உண்மைதான். ஆனால் பாரம் அப்படியே இருந்தது.

பின்னர் உளவளத்துணையாளரான ஓர் இளம்பிள்ளை அவரிடம் போய் வந்தாள். நல்ல பிள்ளை, சொல்லிக் கொடுத்தபடி செய்தாள். ஓர் அறையில் தனியே இருத்தி, கடதாசியிலுள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ‘ஒருபோதும் இல்லை, சில வேளை, அடிக்கடி’ என்று மூன்று பெட்டிகள். நான்காவது சந்திப்பில், இழப்பை ஏற்றுக்கொண்டால்தான் மனம் ஆறும், ஆகவே கணவருக்கு அந்தியேட்டி செய்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அந்தத் தாய் அங்கே போகவில்லை. “என்ரை வாயாலை அவரைச் செத்துப்போனார் எண்டு சொல்லட்டோ?” என்று என்னிடம் கேட்டார். அந்தப் பிள்ளையைப் பயிற்றுவித்தவர்களில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

சில மாதங்களின் பின் அயலில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் எண்பது கடந்த முதியவர். இந்தத் தாய் பெண்களோடு பெண்ணாகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து அழுதார். அழுதது அந்த முதியவருக்காக மட்டுமல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எவரும் கேள்வி கேட்கவில்லை, தடுக்கவுமில்லை. தலையைத் தடவித் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஊரில் எந்தச் செத்தவீட்டையும் அவர் தவறவிடுவதில்லை என்று பிறகு அறிந்தேன். கணவரைச் செத்தவர் என்று சொல்லாமலே அவருக்காக அழ ஓர் இடத்தை அவராகவே கண்டுபிடித்திருந்தார். எங்களுடைய அறையும் கடதாசியும் கொடுக்காததை ஒப்பாரி கொடுத்திருந்தது.

உளநலம் பற்றிப் படித்தவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். வடு என்பது ஆறிய பின்னும் தெரியும் தழும்பு; எமது சனங்களுக்கு விளக்கம் வேண்டாத சொல். எம்மவர் மனத்தின் வருத்தத்தைப் பெரும்பாலும் உடம்பாலேயே சொல்கிறார்கள். தலையிடி, கை கால் உளைவு, நெஞ்சுப் பாரம், பெருமூச்சு. ‘மனச்சோர்வு இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘கன யோசினையோ?’ என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். உடம்பால் சொல்வது அறியாமை அல்ல. அதுவும் ஒரு மொழி. உதவ வருபவர்தான் அந்த மொழியைப் படிக்க வேண்டும்.

எமது சாவுச் சடங்குகளை எடுத்துக்கொள்வோம். செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை, அயலவர் சமைத்துக் கொண்டுவருவர். எட்டாம் நாள் எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருட முடிவில் ஆட்டைத் திவசம். துக்கப்பட்டவரைத் தனியே விடாமல் ஒரு வருடத்துக்குக் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் ஒழுங்கு இது. கத்தோலிக்கருக்கும் இதையொத்த நாட்கள் உண்டு. இவை வெறும் சம்பிரதாயம் என்று இளம் வயதில் நானும் எண்ணியதுண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நெருக்கிக்கொண்டு வெளியேறியபோது நான் பள்ளிக்கூடப் பையன். அந்த நெரிசலில் வயதானவர்கள் வழியிலேயே இறந்தார்கள். உரிய கிரியை செய்ய நேரமோ இடமோ இருக்கவில்லை. அப்படிப் பெற்றாரை அடக்கிய சிலர், “எட்டுக்கூடச் செய்யேல்லை” என்பதை இன்றும் முதலாவதாகச் சொல்கிறார்கள். வீடு போனதை அதற்குப் பிறகுதான் சொல்வார்கள்.

காலம் பிந்தியானாலும் அத்தகைய கிரியைகளைச் செய்வது மனத்தை ஆற்றும். ஆனால் காணாமற் போனவருடைய குடும்பத்துக்கு இது பொருந்தாது. இறந்தாரா இருக்கிறாரா என்பது தெரியாத துக்கம் வேறு வகையானது. அதற்கு நாங்கள் முடிவுத் திகதி போட முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் ‘காணப்படாமைச் சான்றிதழ்’ பெறலாம். வங்கி, காணி அலுவல்களுக்கு அது உதவும். விரும்பினால் எடுக்கட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பொட்டு வைப்பதா, சாப்பாட்டில் ஒரு பிடி எடுத்து வைப்பதா என்பதெல்லாம் அந்தத் தாயே தீர்மானிக்க வேண்டியவை.

வீட்டிலே செய்யக்கூடிய ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். இதுவும் யாழ்ப்பாணத்து உளநலப் பணியாளர் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருவதே. மாலையில் விளக்கேற்றிய பின் முதுகை நிமிர்த்தி அமருங்கள். கண்ணை மூடி, மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஒவ்வொரு மூச்சோடும் உங்கள் சமயத்துச் சொல்லொன்றை மனதுக்குள் சொல்லுங்கள். சைவருக்கு ‘நமசிவாய’, கத்தோலிக்கருக்கு ‘இயேசுவே இரக்கமாயிரும்’. யோசினை வந்தால் அதோடு சண்டை பிடிக்காமல் திரும்பச் சொல்லுக்கே வாருங்கள். பதினைந்து நிமிடம் போதும். பாட்டி கையில் செபமாலையோடும், தாத்தா தேவாரத்தோடும் இருந்ததை நாங்கள் பக்தி என்று மட்டும் நினைத்திருந்தோம்.

கமக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. முகாமில் பல வருடங்கள் இருந்த ஒரு முதியவர் விடிய மூன்று மணிக்கே எழும்பி வாசலில் குந்தியிருப்பார். நித்திரையின்மை என்று எழுதிக் குளிசை கொடுக்கப்பட்டது. அவருடைய மகனைக் கேட்டபோது, அது ஐயாவின் இறைப்பு நேரம் என்றான். துலா மிதித்த காலத்திலிருந்து பழகிய உடம்பு. காணி போயும் நேரம் போகவில்லை. கரவெட்டியில் ஒருவர் தமது தோட்டத்தில் நாலு பாத்தி மிளகாய்க்குத் தண்ணீர் மாறும் வேலையை அவரிடம் விட்டார். மூன்று மணிக்கு எழும்புவது நிற்கவில்லை. ஆனால் அதை எவரும் வருத்தம் என்று சொல்லவில்லை. இரவில் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறார். வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டும் இன்னும் திரும்ப முடியாத குடும்பங்கள் உள்ளன. அவர்களுக்குக் காணிக் கோரிக்கையும் உளநலக் கோரிக்கையே.

எம்மிடமுள்ள இந்த அறிவை நாமே இழிவாக எண்ணப் பழகியது எப்படி? எல்லாம் கடல் கடந்து வந்தால்தான் கல்வி என்று நூறாண்டுகளுக்கு மேலாக எமக்குப் படிப்பிக்கப்பட்டது. திருச்சபையும் இதற்குப் பொறுப்பு. கனடாவில் ஆதிக்குடிகளின் சுமார் 150,000 பிள்ளைகள் பெற்றாரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். சொந்த மொழி பேசவே தடை. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2022 யூலையில் அங்கு சென்று அந்த மக்களின் முன் மன்னிப்புக் கேட்டார். இன்று அங்குள்ள உளவளத்துணையில் ஊர்ப் பெரியோரும் பழைய சடங்குகளும் மீண்டும் இடம்பெறுகின்றன. எமக்கும் வேறு வழி தெரிந்திருந்தது. 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எம்மவரின் அழுகையைத் தடை செய்யவில்லை. அவர் ஆக்கிய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் ஒப்பாரி போன்ற இழுவையோடு பாடப்படுகிறது.

அதற்காக ஊரில் உள்ளதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பேயோட்டுகிறோம் என்று பிள்ளைகளை அடிப்பதும், சங்கிலியில் கட்டுவதும், செய்வினை எடுக்க நகையை அடைவு வைக்கச் செய்வதும் கொடுமை. திருநீறு போடுங்கள், நூல் கட்டுங்கள், நேர்த்தி வையுங்கள். ஆனால் ஒருவர் இல்லாத குரல் கேட்கிறது என்றால், நாட்கணக்காக உண்ணாமல் உறங்காமல் இருந்தால், சாக வேண்டும் என்று பேசினால், அன்றே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். ‘விசர்’ என்ற சொல்லுக்குப் பயந்து ஒளிக்க வேண்டாம். குளிசையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளை வீட்டுக்குள் வைக்காது பூட்டி வையுங்கள். இந்நாட்டில் தற்கொலைகள் 1995இல் உச்சத்தில் இருந்தன. கொடிய நஞ்சுகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டதால் அந்தத் தொகை பெருமளவு குறைந்தது.

இம்முறை மாதர் சங்கத்திலோ கமக்காரர் சங்கத்திலோ இதைக் கூடி வாசித்த பின் பேசிப் பாருங்கள். உங்கள் ஊரில் மனப்பாரத்தைச் சொல்ல எந்தெந்தச் சொற்கள் உள்ளன? செய்ய முடியாமற் போன கிரியை எவருடைய மனதிலாவது கிடக்கிறதா, அதைச் சேர்ந்து செய்யலாமா? விடிய மூன்று மணிக்கு எழும்பி வாசலில் குந்தியிருப்பவர் உங்கள் ஒழுங்கையில் யார்?