குளிர்பதனப் பெட்டியின் மாதிரி எண்

சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கு அண்மையில் அமைந்த ஊர் பெரும்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூரில் இன்று எட்டு அடுக்கு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் எழுப்பிய குடியிருப்புகள் இவை. அவ்வாரியம் 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட இக்குடியிருப்பில், 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து வந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன.

இத்தகைய வீடுகளில் குளிர்பதனப் பெட்டியை ஆடம்பரப் பொருள் என்று கூற இயலாது. இட்லி மாவு அரைத்து விற்கும் தாய்மார்களுக்கும், மீன் வியாபாரம் செய்வோருக்கும் அது தொழிற்கருவி. நீரிழிவு நோயாளி உள்ள வீட்டிலோ அது மருந்துப் பெட்டி. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ச்சியில் வைத்தல் வேண்டும். அப்பெட்டி ஒரு நாள் காலையில் குளிராமல் நின்றுவிட்டால் குடும்பத்தின் கணக்கே தடுமாறிப் போகிறது. பதற்றத்தில் கண்ணில் பட்ட மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் சொல்லும் தொகையைக் கொடுக்கிறோம். பத்து நாளில் மீண்டும் அதே பழுது.

இந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது. அதற்கு முதற்படி, பெட்டியின் மாதிரி எண்ணைப் படித்தறிதல்.

பலகையில் காண்பன

கதவின் மேல் பளபளப்பாக எழுதியிருக்கும் பெயர் மாதிரி எண் அன்று. அது விளம்பரப் பெயர். மாதிரி எண் வேறிடத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து, காய்கறித் தட்டுக்கு அருகில் உட்சுவரைப் பாருங்கள். அங்கு இல்லையெனில், பெட்டியின் பின்புறத்தில் கம்பிரசருக்கு மேலே பாருங்கள். ஓர் உள்ளங்கை அளவில் ஒட்டப்பட்டுள்ள தாளிலோ தகட்டிலோ அச்செழுத்தில் எல்லா விவரங்களும் இருக்கும்.

அதில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று மாதிரி எண், அதாவது மாடல் நம்பர். மற்றொன்று வரிசை எண், அதாவது சீரியல் நம்பர். மாதிரி எண் பெட்டியின் குலத்தைக் காட்டும். வரிசை எண் அந்த ஒரு பெட்டியை மட்டும் காட்டும். உதிரி பாகம் வாங்க மாதிரி எண் வேண்டும். உத்தரவாதம் கோர இரண்டுமே வேண்டும்.

இவற்றோடு மின்னழுத்தம், கொள்ளளவு, உள்ளே நிரப்பியுள்ள வாயுவின் பெயர், அதன் எடை ஆகியனவும் அப்பலகையில் குறிக்கப்பட்டிருக்கும். தட்பவெப்ப வகுப்பும் சில பலகைகளில் உண்டு. ‘டி’ என்னும் எழுத்து வெப்ப நாடுகளுக்குரிய வகுப்பைக் குறிக்கும். 43 டிகிரி வரையுள்ள சூழலில் இயங்க அமைந்தது என்று பொருள். ‘என்’ என்றிருந்தால் 32 டிகிரி வரையே. சென்னையின் கோடைக்கு எது ஏற்றது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எழுத்துகள் உணர்த்தும் பொருள்

மாதிரி எண்ணின் முதல் எழுத்துகள் பெரும்பாலும் பெட்டியின் வகையைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, சாம்சங் பெட்டிகளில் ‘ஆர்.ஆர்.’ என்று தொடங்குவது ஒற்றைக் கதவுப் பெட்டி, ‘ஆர்.டி.’ என்று தொடங்குவது மேலே உறைபெட்டி அமைந்த இரட்டைக் கதவுப் பெட்டி, ‘ஆர்.எஸ்.’ என்பது பக்கத்துக்கொரு கதவாக அமைந்த பெரிய பெட்டி. ஹையர் பெட்டிகளில் ‘எச்.ஆர்.டி.’ என்பது டைரக்ட் கூல் வகையையும், ‘எச்.ஆர்.எஃப்.’ என்பது ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையையும் குறிக்கும்.

எழுத்தை அடுத்து வரும் இலக்கங்கள் கொள்ளளவை ஏறக்குறைய உணர்த்தும். சாம்சங் ‘ஆர்.ஆர்.20’ என்றால் 200 லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்டி என்று கொள்ளலாம். சரியான அளவைப் பலகையில்தான் காண வேண்டும். இறுதியில் வரும் எழுத்துகள் நிறம், நட்சத்திரக் குறி, வெளிவந்த தொகுதி முதலியவற்றைக் குறிப்பன. உதிரி பாகம் வாங்கும்போது இவற்றையும் விடாமல் சொல்ல வேண்டும். ஒரே தோற்றமுள்ள இரு பெட்டிகளில் கதவு ரப்பர் கூட ஒன்றுக்கொன்று பொருந்தாமற் போவதுண்டு.

வகைக்கேற்ற பழுது

வகையை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரே அறிகுறி இரு வகைகளிலும் வெவ்வேறு பழுதைக் காட்டும் என்பதே விடை.

டைரக்ட் கூல் பெட்டியில் குளிர் நேரே உறைபெட்டியின் சுவரிலிருந்து இறங்குகிறது. அச்சுவரில் பனி படியும். பனி கால் அங்குலத்திற்கு மேற்பட்டால் குளிர் கீழே இறங்காது. அப்போது தெர்மோஸ்டாட்டின் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தியோ, மின்சாரத்தை நிறுத்தியோ பனியைக் கரைக்க வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது பெருந்தீங்கு. மெல்லிய அலுமினியச் சுவரில் ஊசித்துளை விழுந்தாலும் வாயு முழுவதும் வெளியேறிவிடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் குளிர்க்குழாய் உறைபெட்டியின் பின்பலகைக்குள் மறைந்திருக்கும். ஒரு சிறு விசிறி குளிர்காற்றை மேலும் கீழும் செலுத்தும். குழாயில் படியும் பனியை ஒரு மின்சூடேற்றி அவ்வப்போது கரைத்துவிடும். அந்தச் சூடேற்றியோ, அதை இயக்கும் உறுப்போ பழுதுபட்டால், பலகைக்குப் பின்னே பனி சுவர்போல் வளர்ந்து காற்றின் வழியை அடைத்துவிடும். அப்போது மேலே ஐஸ் உறையும். கீழே பால் திரிந்து போகும்.

இதை வீட்டிலேயே சோதித்தறியலாம். பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, மின் இணைப்பைத் துண்டித்து, கதவைத் திறந்தபடி ஒரு நாள் முழுதும் விடுங்கள். மீண்டும் இயக்கியபின் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழைய நிலைக்கே திரும்பினால், பழுது பனி கரைக்கும் அமைப்பில் உள்ளது என்று கருதலாம். அதற்கு வாயு நிரப்புவது கால்வலிக்குக் கண்மருந்து இடுவது போன்றதாகும்.

வாயு தீர்ந்துவிடுமா?

“கேஸ் தீர்ந்துவிட்டது” என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். சமையல் அடுப்பில் எரிந்து தீரும் வாயுவைப் போன்றதன்று இது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, வெப்பத்தை உள்ளிருந்து வெளியே சுமந்து செல்லும் பொருள் இது, உபயோகத்தால் குறைவதில்லை. குறைந்தது என்றால் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே.

வாயு குறைந்ததற்கு அடையாளம் உண்டு. கம்பிரசர் ஓயாமல் ஓடும். ஆயினும் டைரக்ட் கூல் பெட்டியின் உறைசுவரில் ஒரு மூலையில் மட்டும் பனி படியும், அல்லது எங்குமே படியாது. சுவர் முழுதும் சமமாகப் பனி படிந்திருந்தால் வாயுவின் மேல் பழி போடுவதற்கில்லை.

எந்த வாயு என்பதையும் பலகையே கூறும். மிகப் பழைய பெட்டிகளில் ஆர்-12 இருந்தது. வானிலுள்ள ஓசோன் படலத்தை அது அரிப்பதால், 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகெங்கும் கைவிடப்பட்டது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்பின் ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் புவி வெப்பத்தை மிகுவிப்பது. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன் உள்ளது. சுற்றுச்சூழலுக்கு இது நல்லது. எனினும் தீப்பற்றக் கூடியது. கம்பிரசரின் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர்க் குறி இருந்தால் இதுவே என்று அறியலாம்.

வீட்டுப் பெட்டியில் இவ்வாயுவின் எடை பொதுவாக 100 கிராமுக்கும் குறைவு. ஆகவே தராசில் எடை பார்த்தே நிரப்ப வேண்டும். கை மதிப்பில் நிரப்புதல் தவறு. ஐசோபியூட்டேன் பெட்டியில் ஆர்-134ஏ நிரப்பினால் கம்பிரசரின் எண்ணெய்க்கு அது ஒவ்வாது, இயந்திரம் கெடும். வாயு எஞ்சியுள்ள குழாயில் பற்றவைப்புச் சுடரை நீட்டினால் உயிருக்கே ஆபத்து. காற்றோட்டமில்லாத சிறு அறையில் இவ்வேலையை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

பழுதல்லாத பழுதுகள்

சில அறிகுறிகள் அச்சமூட்டினாலும் பழுதல்ல. புதிய பெட்டிகளில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவர்களுக்குள் இருப்பதால், சுவர் தொட்டால் சுடும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வெப்பம் எளிதில் வெளியேறும். இன்வெர்ட்டர் கம்பிரசர் உள்ள பெட்டி மெதுவாக நெடுநேரம் ஓடுவது இயல்பு. அதைச் சாதாரணக் கம்பிரசர் என்று எண்ணி நேரே 230 வோல்ட் கொடுத்துச் சோதித்தால் அது கெட்டுப்போகும். மெக்கானிக்கிடம் மாதிரி எண்ணை முன்கூட்டியே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டிக்குள் நீர் தேங்கினால் பின்சுவரிலுள்ள வடிகால் துளை அடைபட்டிருக்கலாம். வெந்நீர் சிறிது ஊற்றினால் திறந்துகொள்ளும். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டே போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

பின்புறத்திலுள்ள நீர்த்தட்டை வாரம் ஒருமுறை கழுவித் துடைப்பது அவசியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தெளிந்த நீரிலும் முட்டையிடும். வாசலில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையை அகற்றும் நாம், வீட்டுக்குள்ளிருக்கும் இத்தட்டை மறந்துவிடுகிறோம்.

மின்சாரமும் வெள்ளமும்

கம்பிரசர் சிறிது உறுமி, ‘டக்’ என்ற ஒலியுடன் நின்று, சில நிமிடங்களில் மீண்டும் அவ்வாறே செய்தால், முதலில் மின்னழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். அது சரியாக இருப்பின், கம்பிரசரின் பக்கத்திலுள்ள ரிலேயைப் பார்க்கச் சொல்லலாம். கம்பிரசரை மாற்றுவதைவிட அதை மாற்றும் செலவு மிகக் குறைவு. மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து இயக்குங்கள். குழாயினுள் அழுத்தம் சமநிலை பெற அவ்வளவு நேரம் வேண்டும்.

2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் நீர் சூழ்ந்து நின்றதை அவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து நனைந்த பெட்டியை, வெளியே உலர்ந்துவிட்டது என்று எண்ணி இயக்கக் கூடாது. சுவருக்குள்ளிருக்கும் காப்பு நுரையும் மின்கம்பிகளும் ஈரத்தைப் பல நாள் தாங்கி நிற்கும். மின்பணியாளர் சோதித்து, நில இணைப்பு சரியென்று உறுதி கூறிய பின்னரே பிளக்கைப் பொருத்த வேண்டும். வெள்ளநீர் பட்ட உணவை எறிந்துவிடுங்கள். மேல்மாடிகளில் நீர் புகாவிடினும் மின்சாரம் நிற்கும். கதவைத் திறவாதிருந்தால் கீழறை ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் காக்கும். பொருள் நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் வரை காக்கும். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் மீண்டும் உபயோகித்தல் கூடாது. ஆகவே அதை உறைபெட்டியில் வைக்க வேண்டாம்.

செய்ய வேண்டுவன

பழைய பெட்டி வாங்குவோர் விலை பேசுமுன் பலகையைப் பார்க்க வேண்டும். பலகை கிழிக்கப்பட்டிருந்தால் அப்பெட்டியை விட்டுவிடுதலே நலம். வாயுவின் பெயரோ வகையோ தெரியாத பெட்டியைப் பழுதுபார்ப்பது இருட்டில் ஊசி தேடுவதாகும். நட்சத்திரக் குறித்தாளில் ஓராண்டுக்குச் செலவாகும் மின் அலகுகள் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் கணக்கிற் கொள்ளுங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளுக்கு இத்தாள் 2010ஆம் ஆண்டு முதல் கட்டாயமாகும்.

பெட்டி வைத்திருப்போர் இன்றே மாதிரி எண், வரிசை எண், வாயுவின் பெயர், எடை ஆகிய நான்கையும் குடும்ப அட்டை வைக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கை அழைக்கும்போது இவற்றைச் சொல்லி, கண்ட அறிகுறியையும் சொல்லுங்கள். வாயு நிரப்ப வேண்டும் என்றால், கசிவு எங்கே, எத்தனை கிராம் என்று கேளுங்கள். மாற்றிய பழைய உறுப்பையும் ரசீதையும் பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இருந்தால்தான் குறை நேர்ந்தபோது தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915இல் முறையிட வழியுண்டு.

படித்து வேலை தேடும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதனமும் குளிரூட்டலும் இரண்டாண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. ஓர் அடுக்குமாடிக்கு ஒருவர் இத்தொழிலை முறையாகக் கற்றுத் தேர்ந்தால், அவருக்குப் பிழைப்பும் உண்டு. அண்டை வீட்டாருக்கு நம்பிக்கையான கையும் உண்டு. அதுவரை, பலகையைப் படிக்கத் தெரிந்த இல்லத்தரசியே அவ்வீட்டின் முதல் மெக்கானிக் என்று சொல்லலாம்.