ஐ7 என்றாலே சிறந்ததா?

பிள்ளைகளின் படிப்புக்குப் பழைய கம்ப்யூட்டர் வாங்க அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் போகிறோம். கடையில் 'ஐ7' என்றதும் ஐ3-ஐவிட மேல் என்று நம்பிவிடுகிறோம். எந்தத் தலைமுறை என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்டெலின் ஐ7-2600 பிராசஸர் வந்தது 2011-இல். ஐ3-12100 வந்தது 2022-இல். கோடுக்குப் பின்னுள்ள எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை நீக்கினால் தலைமுறை தெரியும்: முன்னது 2, பின்னது 12. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட். ஆனால் ஐ3-இன் உள்ளமைப்பு புதியது; ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் கணக்குகளை முடிக்கும். அதனால் அதுவே வேகமானது. அடிப்படை மின் அளவும் 95 வாட் அல்ல, 60 வாட்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். பணம் கொடுக்கும் முன் முழு எண்ணையும் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்வோம்.